ஊர் வளருது, உள்ளாட்சி கஜானா ஏன் வளரல?

ஆய்வு_மாணவி:
பிராந்திய வளர்ச்சி பத்தி முதுகலை ஆய்வேடு எழுதிட்டிருக்கேன். தொழிற்சாலை → வேலை → மக்கள் → வரி வருவாய்னு அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைஞ்சேன். கைடு கடைசி அம்பைச் சுழிச்சு, "யாருக்கு வர்ற வரி?"ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்துட்டார். பத்து நாளா அங்கேயே நிக்குறேன். யாராவது விளக்க முடியுமா?

வரிக்குதிரை:
உங்க கைடு சரியான இடத்துலதான் சுழிச்சிருக்கார். உள்ளாட்சி வரிப் பிரிவுல 22 வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். தொழில் ஒரே பக்கம் ஏன் குவியுதுன்னு பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரட் மார்ஷல் 1890லயே எழுதிட்டார்: கைத்தேர்ச்சி உள்ள ஆள் கிடைக்கும், உதிரி பாகம் செய்றவன் பக்கத்துல இருப்பான், தொழில் ரகசியம் காத்தோட பரவும். அது சரி. அந்த லாபத்துல எந்த வரியை உள்ளாட்சி கையில விட்டிருக்காங்கங்கிறது வேற கதை. பல நாடுகள்ல வருமான வரியும் விற்பனை வரியும் மேல போயிடும், கீழே மிஞ்சுறது சொத்து வரி. சம்பளம் ஏறினா வருமான வரி தானா ஏறும். சொத்து வரி ஏறணும்னா யாராவது டேப்பைத் தூக்கிட்டுப் போய் அளக்கணும்.

ஒரு நாள் பதிவேட்டோட ஒரு இடத்துக்குப் போனேன். ஏட்டுல 'காலிமனை'. நேர்ல தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு, வாசல்ல ஆறு லாரி. பதினோரு வருஷமா காலிமனை வரி கட்டிட்டு வந்திருக்காங்க, ஒரு தவணைகூடத் தவறாம. நாங்க தேடிப் போறதெல்லாம் நிலுவைப் பட்டியலை வெச்சுத்தான். நிலுவையே இல்லாதவன் பேர் அதுல எப்படி வரும்?

இப்படி மறுபடி அளக்காம விடுறதையே சட்டமா வெச்ச இடமும் உண்டு. கலிஃபோர்னியாவுல 1978ல மக்கள் வாக்கெடுப்புல நிறைவேறின 13வது முன்மொழிவைப் பாருங்க. சொத்து வரி, சொத்தோட மதிப்புல 1 சதவீதம்தான். சொத்து கைமாறுற வரைக்கும் அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது. விற்பனை வரியில ஒரு பங்கு நகரத்துக்கு வர்றதால, அங்க பல நகரங்களுக்கு வீட்டை விட ஷாப்பிங் மால் மேலதான் ஆசை.

நதிக்கரை:
இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது சார். ஜெர்மனியில தொழில் லாபத்து மேல நகராட்சியே வரி போடுது, விகிதத்தையும் அதுவே வெச்சுக்கலாம். மைன்ஸ் நகரத்துல இருக்குற பயோன்டெக் நிறுவனம், கொரோனா தடுப்பூசியில சம்பாதிச்சதும் 2021ல நகரத்தோட தொழில் வரி வரவு 100 கோடி யூரோவைத் தாண்டிடுச்சு. அடுத்த வருஷமே, நாட்டுச் சட்டம் சொல்ற அடிப்படை வரியை நகரம் பெருக்கிக்கிற அந்த விகிதத்தை 440 சதவீதத்துலருந்து 310 சதவீதத்துக்கு இறக்கினாங்க. வளர்ச்சி நேரா கஜானாவுக்குத்தானே வந்திருக்கு?

வரிக்குதிரை:
வந்துச்சு. ஊசி விற்பனை குறைஞ்சதும் போகவும் செஞ்சுது. ஒத்தைத் தூணை நம்பிப் பட்ஜெட் போட்டா இதுதான் தொல்லை. சீனாவுல உள்ளாட்சிகள் நில விற்பனையை நம்பியே ஓடிச்சு. 2021ல 8.7 லட்சம் கோடி யுவான் வரவு, அடுத்த வருஷமே கிட்டத்தட்ட கால்வாசி காலி.

செலவுப் பக்கத்தையும் எழுதுங்கம்மா. 1950ல அமெரிக்காவோட டெட்ராய்ட் நகரத்துல 18 லட்சம் பேருக்கு மேல. 2013ல திவால் மனு போடும்போது சுமார் 7 லட்சம். வரி கட்டுறவன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனான், குழாயும் சாக்கடையும் அதே நீளத்துக்கு மண்ணுக்குள்ள கிடக்கு. அதைப் பார்க்க ஆளும் வேணும், ஓய்வூதியமும் வேணும்.

ஆய்வு_மாணவி:
ரொம்ப நன்றி சார். கடைசி அம்பை எடுத்துட்டு அந்த இடத்துல மூணு கேள்வி எழுதப் போறேன்: எந்த வரி, யார் அளக்குறது, எப்போ அளக்குறது. இன்னொண்ணு, அந்தக் கிடங்கு கடைசியில என்னாச்சு?

வரிக்குதிரை:
பழைய வருஷத்துக்கும் சேர்த்து நோட்டீஸ் கொடுத்தேன். மேல்முறையீடு போனாங்க. நான் ஓய்வு பெற்ற அன்னைக்கும் அது வாய்தாவுலதான் இருந்துச்சு.