மறு: ‘வெல்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

ஷூவின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி ஓடும் தோல்வாரைத்தான் ஆங்கிலத்தில் ‘வெல்ட்’ என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொன்ன தமிழ்ச்சொற்களுக்கு என் பதில் இது.

> ‘விளிம்புப்பட்டி’ போதுமே ஐயா. பார்த்தால் விளிம்பில்தானே தெரிகிறது?

தெரிவது விளிம்பில்தான், சரி. ஆனால் அது அழகுக்கு ஒட்டிய கரை இல்லை. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஊரில் செய்யும் ஷூக்களின் பெருமையே அந்த வாரில்தான் இருக்கிறது.

நான் மொழிபெயர்ப்பது அந்த ஊரின் க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் என்ற ஷூ நிறுவனத்தின் வரலாறு. சார்லஸ் ஜோன்ஸ், ஜேம்ஸ் க்ராக்கெட் என்ற மைத்துனர்கள் இருவர், தாமஸ் ஒயிட் அறக்கட்டளையிடம் ஆளுக்கு 100 பவுண்டு பெற்று 1879இல் தொடங்கியது. நல்லொழுக்கமுள்ள இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்கக் கொடுத்த பணம் அது. இன்றும் ஜோன்ஸ் குடும்பத்தின் கையில்தான் நிறுவனம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம், பதனிட ஓக் மரப்பட்டை, நீன் ஆற்றுத் தண்ணீர் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்ததால் அந்த ஊரில் தோல் வேலை வேரூன்றியது. உள்ளூர்க் கால்பந்து அணிக்கே ‘செருப்புத் தைப்பவர்கள்’ என்றுதான் பட்டப்பெயர்!

இனி வெல்ட். பாத வடிவக் கட்டையின்மேல் மேல்தோலை இழுத்துப் பொருத்துகிறார்கள். மேல்தோலையும், உள்ளடியின் (ஷூவுக்குள் பாதம் படியும் அடுக்கின்) கீழ்ப்பக்க வரம்பையும் நீளமான ஒரு தோல்வாரோடு சேர்த்துச் சுற்றிலும் தைக்கிறார்கள். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்புகிறார்கள். அப்புறம் வெளி அடித்தோலை அந்த வாரோடு மட்டும் இன்னொரு தையலால் சேர்க்கிறார்கள். அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நேரடித் தையலே கிடையாது. அதனால் தேய்ந்த அடித்தோலைப் பிரித்துப் புதியது தைத்தாலும் மேல்தோலில் புதிதாக ஒரு துளைகூட விழாது. பழைய ஜோடியைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அது உருவான அதே கட்டையில் ஏற்றிப் புதுப்பித்துத் தருகிறார்கள். கையூசியும் மெழுகு நூலுமாகச் செய்துவந்த இந்த வேலைக்கு, ரப்பர் புகழ் குட்இயரின் மகன் 1870களில் இயந்திரம் கொண்டுவந்தார். ‘குட்இயர் வெல்ட்’ என்ற பெயர் அப்படி வந்தது.

ஆக, இரண்டு தையலையும் தாங்குவதுதான் அதன் வேலை. சொல்லில் தையல் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

> ‘இணைவார்’ எப்படி?

பொருள் பொருந்துகிறது. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “இந்த ஷூவில் இணைவார் உண்டு.” யாரோ வந்து சேரப்போகிறார் என்று தோன்றவில்லையா? சேர்வார், கரைவார் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். வினையடி வேண்டாம், முன்னால் பெயர்ச்சொல் நிற்கட்டும்.

சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்று துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே சொல்கிறது. துன்னல் என்றால் தையல். அதைப் பின்பற்றித் ‘துன்னல்வார்’ என்று எழுதியும் வைத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் பட்டறையில் இருப்பவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். செருப்பு வார் எல்லோருக்கும் தெரியும், தையலும் தெரியும். ஆகவே ‘தையல்வார்’ என்று முன்மொழிகிறேன்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. இயந்திரத்தில் தைத்தது குட்இயர் தையல்வார், கையால் தைத்தது கைத்தையல்வார். தையல் வழியே தண்ணீர் இறங்காதபடி மேல்தோலை ஒட்டி மேடு எழுப்பிய வகை மழைத்தையல்வார்.

அடுத்தது ‘லாஸ்ட்’. மேலே ‘கட்டை’ என்று எழுதிவிட்டேன். உங்கள் ஊரில் செருப்புத் தைப்பவர்கள் அதற்கு வேறு பெயர் சொன்னால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.