பல் டாக்டரிடம் போக இரண்டு மணி நேரம் வேண்டும். பெரம்பூர் பக்கம் அம்மாக்கள் குழு ஏதாவது உண்டா?

பெரம்பூர் அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுவான். பெரம்பூரில் வாடகை வீடு, முதல் மாடி. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை.

எந்த தெரபி நல்லது என்று கேட்க நான் வரவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பிரச்சினை வேறு. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஐந்து மாதமாக வலிக்கிறது. கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு, ராத்திரியில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். ரூட் கேனால் செய்ய வேண்டும், மூன்று தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். போக வர எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு இவனை யாரிடம் விடுவது?

ஒருமுறை கூட்டிக்கொண்டே போனேன். உள்ளேயிருந்து அந்த மெஷின் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை மோதிக்கொண்டான். காத்திருந்தவர்களில் ஒருவர், "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்றார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கணவர் இந்த வருட லீவையெல்லாம் இவனுக்காகவே போட்டு முடித்துவிட்டார். மாமியார் திருவண்ணாமலையில் இருக்கிறார். "ஆம்பிளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பதிலேயே இன்னும் நிற்கிறார். வந்திருந்தபோது குக்கர் விசிலுக்கு இவன் அலறியதைப் பார்த்து நடுங்கிப்போய், மிளகாய் உப்பு வைத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அது. எதிர்வீட்டு அக்காவும் நல்லவர்தான். "எனக்குப் பயமா இருக்கும்மா, ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே.

பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் நீங்களெல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

---

வியாசர்பாடி அப்பா

சகோதரி, முதலில் பல்லைப் பாருங்கள். ஐந்து மாதம் தள்ளியது போதும்.

குழு என்று பெயர்ப் பலகை போட்டு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாக்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரியும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வட்டார வள மையம் ஒன்று இருக்கும். சிறப்புப் பயிற்றுநர், பிசியோதெரபிஸ்ட் வருவார்கள். 18 வயது வரை பிள்ளைகளைப் பார்ப்பார்கள், காசு கிடையாது. பக்கத்து அரசுப் பள்ளி தலைமை ஆசிரியரிடம் கேட்டாலே எங்கே என்று சொல்லிவிடுவார். பயிற்சி நடக்கும்போது வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் உங்களைப் போன்றவர்கள். நான் போகிற நாட்களில் அங்கே ஒரே அப்பா நான்தான்.

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் அதை முதலில் முடியுங்கள். எதற்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு முன் 40 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீடு செய்வார்கள். அன்றைக்கு, நல்ல நாளில் பிள்ளை என்ன செய்வான் என்று சொல்லாமல், வழக்கமான நாளில் எப்படி இருப்பான் என்று சொல்லுங்கள். நாமே நம் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லிவிடுவோம், அதுதான் சிக்கல். அட்டை வந்துவிட்டால் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் அவனுக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை. அப்புறம் நிராமயா, ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் கேட்கலாம். நாம் முதலில் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்து வாங்க வேண்டும், அதனால் ஒரு ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கணவர் பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் என்றால் வரிக்கான வருமானத்தில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. யாராவது ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வந்துவிடும் என்று சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. என் மைத்துனர் அதற்காக நகையை அடகு வைக்கப் போனார். கடைசி நிமிடத்தில் தடுத்தோம்.

---

வில்லிவாக்கம் அம்மா

தங்கச்சி, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். தூக்கமே வரவில்லை. என் மகனுக்கு இப்போது 19. உன் பல்வலிபோல எனக்கு அப்போது இடுப்பு வலி. ஸ்கேன் எடுக்கவே ஒரு வருடம் தள்ளினேன்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் முன்பு ஒரு தெரபி சென்டர். வாசலில் செருப்பு ஸ்டாண்ட், அதற்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. நாலு பேர் வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் அதில் உட்கார்ந்திருப்போம். ஆறு மாதம் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. எல்லோருக்கும் களைப்பு. ஒருநாள் அயனாவரம் அம்மா எழுந்து, "பேங்க் மூடிருவாங்க, இருபது நிமிஷத்துல வந்துடுறேன், என் பையன் வெளியே வந்தா பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினார். பையன் வெளியே வந்தான், அம்மாவைத் தேடினான், அழுதான். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ் அம்மா தன் வளையலைக் கழற்றித் தரையில் சுற்றிவிட்டார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் குழு. அதற்குப் பெயர் வைக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

அதன்பிறகு சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஒரு வாரம் ஒருவர் வீடு. அந்த வாரம் இரண்டு பேர் வீட்டில், இரண்டு பேருக்கு வெளியே வேலை. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவர் மட்டும் இருந்து நாலு பிள்ளைகளையும் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஒரு பிள்ளை பாத்ரூமுக்குப் போனால் கூட ஒருவர் போக வேண்டும், மற்றவர்களைப் பார்க்க ஒருவர் வேண்டும். வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, சம்ப் மூடி மேல் கனமாக ஏதாவது. நம் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் போய்விடுவார்கள், உனக்கே தெரியும்.

புதுப் பிள்ளை வந்தால் முதல் மூன்று சனிக்கிழமை அவன் அம்மாவும் கூடவே இருக்க வேண்டும். நாலாவது வாரம் தெருமுனை வரை போய் வரட்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு மணி நேரம்.

அப்புறம் அந்தத் தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பக்கம், கையால் எழுதியது. என் மகனுடையதை இன்னும் வைத்திருக்கிறேன், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதில் இருப்பது இவ்வளவுதான்: "தண்ணீர் வேண்டுமென்றால் கன்னத்தைத் தட்டுவான். மிக்ஸி போடுமுன் அவனிடம் காட்டிவிட்டுப் போடவும். தயிர் சாதத்தில் கடுகு தெரிந்தால் சாப்பிட மாட்டான். அழுதால் தொடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், ஐந்து நிமிடம். பால்கனியில் தனியாக விடக் கூடாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது." அடியில் என் நம்பர், அவன் அப்பா நம்பர், டாக்டர் நம்பர். உன் எதிர்வீட்டு அக்காவுக்குப் பயம் ஏன் வருகிறது? என்ன செய்வதென்று தெரியாததால். இந்தத் தாளைக் கையில் கொடுத்துப் பார்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்துவிடாதே. எட்டாவது மாதம் என் மகன் எங்கள் நாலு பேரில் ஒருவரான கொளத்தூர் அம்மாவின் பையனை முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டான். பல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்று அந்த அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் இவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. நாலாவது வாரம் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறார். பையனுக்கு முழுக்கைச் சட்டை. கையை மடித்துக் காட்டி, "பாருங்க, ஆறிடுச்சு. வாங்க" என்றார். அதற்கப்புறம் எல்லோர் தாளிலும் "பசித்தால் கடிப்பான்", "முடியைப் பிடித்து இழுப்பான்" என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதினோம்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் "என் பையன் இப்ப எழுத ஆரம்பிச்சுட்டான்", "நீங்க கோதுமையை நிறுத்திப் பாருங்க" என்ற பேச்சு எதுவும் கூடாது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்பவர் வீட்டுக்குப் போய் அழுவார். நான் அழுதிருக்கிறேன்.

இன்று நாங்கள் ஆறு குடும்பம். மாதம் ஒருமுறை மெரினா போவோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, அப்புறம் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலிக்காகப் போட்டது. ஆனால் என் மகனுக்கு மணல் காலில் பட்டாலே ஆகாது. பதினைந்து வயது வரை கடலை ரோட்டிலிருந்துதான் பார்த்தான். அந்தப் பலகைமேல் முதல்முறை நடந்தபோது ஒவ்வொரு பலகையையும் எண்ணுகிற மாதிரி நின்று நின்று கடைசி வரை போனான். கடைசிப் பலகையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

போன வருடம் 18 முடிந்ததும் சட்டப் பாதுகாவலர் ஆவதற்கு மனு கொடுத்தேன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்குக் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பெற்றவள் நான் இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். 18 ஆகிவிட்டால் அவன் மேஜர், அவனுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் காகிதங்களைச் சேர்த்து என்னோடு கலெக்டர் ஆபீஸில் இரண்டு நாள் உட்கார்ந்தவர் அந்தக் கொளத்தூர் அம்மா.

உனக்கு இது பிறகு வரும். இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை மகனோடு வா. விலாசம் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

---

அண்ணா நகர் வாசகர்

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. முன்பின் தெரியாதவர்களிடம் பேச முடியாத பிள்ளையை விடுவது ஆபத்து. காசு கொடுத்து ஒரு ஆயா வைத்துக்கொள்வது மேல். அக்கம்பக்கத்தில் பிள்ளைக்கு என்ன என்று சொல்லிக்கொண்டிருப்பதும் வேண்டாத வேலை. நாளைக்கு ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்வார்.

---

வில்லிவாக்கம் அம்மா

சார், உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் இரண்டு பெரியவர்கள், மூன்று வாரம் கூடவே இருப்பது எல்லாம். தனியாக ஒரு ஆயாவிடம் பூட்டிய வீட்டில் விடுவதைவிட, தன் பிள்ளையும் அதே அறையில் இருக்கிற இரண்டு அம்மாக்களிடம் விடுவது எனக்குத் தைரியம். காலி செய்யச் சொன்ன ஓனரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருந்தால் குதிக்கிற சத்தம் மட்டும்தான் கீழே கேட்கும். யார், ஏன் குதிக்கிறான் என்று தெரியாது. ஒருநாள் என் மகன் கேட்டைத் தாண்டிப் போனபோது பிடித்து நிறுத்தியவர் தெருமுனை இஸ்திரிக்காரர். அவனைப் பற்றி அவரிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

---

தம்பிக்கு அக்கா

நான் காலேஜ் இரண்டாம் வருடம். என் தம்பிக்கு ஆட்டிசம், வயது 14. இதை அம்மாக்கள் எல்லோரும் படிப்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் "உனக்கப்புறம் இவதானே பாத்துக்கணும்" என்பார்கள். எனக்கு ஆறு வயதிலிருந்து கேட்கிறது. தம்பியை எனக்கு உயிர். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டால் மூச்சு முட்டும். அம்மாவுக்கு இப்படி நாலு பேர் கிடைத்தால் எனக்கும்தான் பாரம் குறையும். பெரம்பூர் ஆன்ட்டி, சனிக்கிழமைகளில் நான் ஃப்ரீ. அயனாவரம்தான். என்னைக் கூடுதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது தவிர எல்லாம் தெரியும்.

---

பெரம்பூர் அம்மா

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

நாலு சனிக்கிழமை போனோம். முதல் வாரம் இவன் வாசலைத் தாண்டவே இல்லை, செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தான். வில்லிவாக்கம் அக்காவோ மற்றவர்களோ உள்ளே வா என்று கூப்பிடவில்லை. இரண்டாவது வாரம் ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டான். தாளை மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை எழுதியதில் அவனுக்கு வராததெல்லாம் இருந்தது. அக்கா படித்துவிட்டு, "இதை டாக்டருக்குக் கொடு. இவன் எதுக்குச் சிரிப்பான், அதை எழுது" என்றார். பெரம்பூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ரயில் அடியில் போகும்போது சிரிப்பான் என்று எழுதினேன்.

நேற்று முதல் சிட்டிங் முடிந்தது. அக்காவும் காலேஜ் தங்கச்சியும் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றேகால் மணி நேரம். நாற்காலியில் படுத்திருக்கும்போது நடுவில் இரண்டு தடவை போன் வந்ததா என்று பார்த்தேன், வரவில்லை. திரும்பிப் போனபோது மரத்துப்போன வாயோடு எனக்குப் பேச்சு வரவில்லை. இவன் வந்து என் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். கீழ்வீட்டில் சொல்லிவிட்டேன், பன்னிரண்டு மணி வரைதானே என்றார்கள். எதிர்வீட்டு அக்கா தாளை வாங்கிப் படித்துவிட்டு, தானும் வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சோற்றைக் காலையிலேயே வைத்துவிட வேண்டும், குக்கர் விசில் இருக்கக் கூடாது.