பொருள்: வாக்கியத்துக்குள் இருக்கும் 'கிளாஸ்' என்பதற்குத் தமிழ்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கில வாக்கிய அமைப்பைத் தமிழில் விளக்கும் பயிற்சிநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'சென்டென்ஸ்' வாக்கியம், 'ஃபிரேஸ்' சொற்றொடர் என்று வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே, தனக்கென எழுவாயும் வினையும் கொண்டு நிற்கும் 'கிளாஸ்' (clause)தான் சிக்கல். (வகுப்பைச் சொல்லும் கிளாஸ் இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அப்படியே எடுத்தாளவும் வழியில்லை.)

கைப்படியில் 'எச்சத்தொடர்' (வினை முடியாமல் எஞ்சி நிற்கும் தொடர்) என்று போட்டிருந்தேன். நேற்று ஒரு மாணவி நோட்டைக் கொண்டுவந்தாள். 'நேற்று வந்த மனிதர் என் மாமா' என்பதை 'தி மேன் கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்று எழுதியிருந்தாள். 'கேம்' என்பதற்கு முன் 'ஹூ' வேண்டும் என்று சிவப்பு மையில் செருகினேன். "எச்சத்தொடர்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? 'வந்த'ல யாருன்னே இல்லையே, அங்க மட்டும் ஏன் ஆளைப் போடணும்?" என்றாள். பிழை அவளுடையதல்ல, நான் கொடுத்த சொல்லுடையது. வேறு சொல் தாருங்கள்.

*

அம்மா,

'வாக்கியம்' வடசொல். அதைத் தொட்டு எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே கிளவியாக்கம். கிளத்தல் என்றால் சொல்லுதல், கிளவி என்றால் சொல். அதிலிருந்து 'கிளவியம்' எனலாம். தலைமைக் கிளவியம், சார்புக் கிளவியம் என அடைமொழியும் இயல்பாக ஒட்டும். கிளப்பு, கிளர்ச்சி எல்லாம் இதே வேர் என்பது என் எண்ணம். சொன்னதைத் திரும்பச் சொல்வதால் கிளியும் இந்தக் குடும்பமாக இருக்கலாம். ஆங்கிலச் சொல்லும் 'கிள' ஒலியில் தொடங்குவதைக் கவனியுங்கள்.

*

ஐயா, கிளவியம் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலச் சொல் இலத்தீன் 'கிளாவுதெரெ'விலிருந்து வருவது. மூடுதல், முடித்தல் என்று பொருள். சொற்பொழிவில் ஒரு நீண்ட தொடர் வந்து முடிகிற இடத்தை 'கிளாவுசுலா' என்றார்கள். வினை முடிந்து நிற்பதைச் சொல்லும் நம் 'முற்று' என்ற கருத்துக்கு அது நெருக்கம், கிளிக்கு அல்ல.

இன்னொன்று, நான் மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவன். குரல்வழிப் பாடத்தில் 'கிளவி' என்று வாசித்தால் பாதிப் பேர் காதில் 'கிழவி' என்றுதான் விழும். ள, ழ வேறுபாட்டைக் கேட்டுப் பிரித்தறிய வேண்டிய கட்டாயத்தை ஆங்கில இலக்கணம் படிக்க வந்த பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டுமா?

*

ள, ழ தெரியாதவர்களுக்காக மொழியையே திருத்திக்கொண்டு போனால் எங்கே போய் நிற்போம் தம்பி? சொல்லிக்கொடுங்கள், பழகுவார்கள்.

*

வேரை விட்டுவிட்டு அந்த மாணவியின் நோட்டுக்கு வருவோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் ஒரு வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரே முற்று, கடைசியில். மற்ற வினையெல்லாம் எச்சமாகவோ பெயராகவோ உருமாறி அதன் முன்னால் வரிசையில் நிற்கும். 'களைப்பாக இருந்ததால் தூங்கினாள்' என்பதில் 'இருந்ததால்' திணை, பால் காட்டி முடியவில்லை. ஆங்கிலத்தில் 'பிகாஸ் ஷீ வாஸ் டயர்ட்' என்று வரும்போது 'வாஸ்' முழு முற்றுவினை. காலம் உண்டு, தன் எழுவாயும் உண்டு. 'பிகாஸ்' என்ற இணைப்புச்சொல்தான் அதைத் தனித்து நிற்கவிடாமல் சார்பாக்குகிறது. அந்த 'ஹூ'வும் அப்படியே. அதுவே இணைப்பு, அதுவே 'கேம்' என்பதன் எழுவாய். அதை எடுத்தால் வினை அநாதையாகிவிடும்.

மறுபக்கம் பாருங்கள். 'ஹேவிங் ஈட்டன், ஹீ லெஃப்ட்' என்பதில் முதல் பாதியைப் பள்ளி இலக்கணம் 'ஃபிரேஸ்' என்கிறது. நமக்கு அது 'சாப்பிட்டுவிட்டு', அசல் வினையெச்சம்! ஆக, எச்சத்தொடர் என்ற பெயர் ஆங்கிலத்தில் எது கிளாஸ் இல்லையோ அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தமிழிலும் உள்ளே முற்று உட்காரும் இடம் உண்டு: 'அவன் வந்தான் என்று சொன்னாள்.' பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். என் பரிந்துரை 'முற்றுக்கூறு'. முற்றுவினை உள்ள கூறு.

*

'வினைமுற்றுத்தொடர்' என்று ஏற்கெனவே இருக்கிறதே? சொற்களுக்கு இடையே எதுவும் மறையாமல் வரும் தொகாநிலைத் தொடர் ஒன்பதில் ஒன்று. 'பாடினான் கண்ணன்' என்றால் அது. முற்றுக்கூறு என்றதும் தமிழ் ஆசிரியர்கள் அதையே நினைப்பார்கள். மேலும் இக்கால ஆங்கில இலக்கண நூல்கள் பல 'ஹேவிங் ஈட்டன்' போன்றவற்றையும் முற்றுவினை இல்லாத கிளாஸ் என்றே கொள்கின்றன. அங்கே 'முற்றில்லா முற்றுக்கூறு' என்று எழுதுவீர்களா?

*

நியாயமான கேள்வி. பள்ளி நூலுக்குச் சரிவரும், மேல்வகுப்புக்கு வராது. ஒப்புக்கொள்கிறேன்.

'உள்வாக்கியம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். தலைமைப் பகுதி எதற்குள்ளும் இல்லையே என்பதால் அதுவும் பாதி வழியில் நின்றுவிடும்.

*

நண்பர்களே, நாளை அச்சு. இதுவரை வந்த மடல்களில் நான்கு பேர் 'வாக்கியக்கூறு' போதும் என்கிறார்கள், முற்றுக்கூறுக்கு இருவர், கிளவியத்துக்கு ஒருவர். வாக்கியக்கூறு என்றே அனுப்புகிறேன். மாணவர்கள் சொல்லைப் பிரித்தே பொருள் ஊகித்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். எச்சத்தொடரை நூல் முழுவதும் நீக்கிவிட்டேன். ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் எழுவாய்க்கு ஒற்றைக் கோடு, முற்றுவினைக்கு இரட்டைக் கோடு. அந்த மாணவியின் வாக்கியமே முதல் பயிற்சி. இன்று காலை அதில் அவளே 'ஹூ'வுக்கு ஒற்றைக் கோடு போட்டாள்.

*

அம்மா, நூல் நன்றாக வரட்டும். ஆனால் எழுவாயும் வாக்கியத்தின் கூறுதான், பயனிலையும் கூறுதான். அவற்றிலிருந்து இதைப் பிரித்துக்காட்ட அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. நான் எழுதும் இடத்தில் கிளவியம் என்றே எழுதுவேன்.