புதுப்பிப்பு: ராக் கிரீக் பூங்காப் பாலம்

வாஷிங்டன் ராக் கிரீக் பூங்காவில் 1902-இல் கட்டிய போல்டர் பாலத்தைப் படமெடுத்து ஆவணப்படுத்துவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். அதில் 'கல் பாலம்' என்றது தவறு. அது கான்கிரீட் வளைவு. மெலான் என்ற கட்டுமான முறைப்படி கான்கிரீட்டுக்கு உள்ளே எஃகு இருக்கிறது. பாறைகள் வெளிப்போர்வைதான்.

நேற்று ஓடையில் தண்ணீர் குறைவு. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். செதுக்காத பாறைகள், இடுக்கெல்லாம் பாசி, வளைவின் விளிம்பில் கோணல்மாணலாகத் துருத்தி நிற்கின்றன. எவ்வளவு அழகு! ஒரு ஆள் தூக்கக்கூடிய கல் என்ற பொருளில் 'ஆள் அளவுக் கல்' என்று கேட்டதை, ஒப்பந்ததாரர் ஆள் உயரக் கல் என்று எடுத்துக்கொண்டாராம். பொறியாளர் லான்சிங் பீச்சுக்கு அதுவே பிடித்துப்போனதாம்.

சரி, அப்புறம் அதே பூங்காவில் ராஸ் டிரைவ் பாலம், 1907-இல் கட்டியது. அதன் கான்கிரீட்டுக்குக் கல் போர்வை கிடையாது. அடுத்த வாரம் அங்கே போகிறேன்.