சித்திரையில் வெட்டிய ரோஜா

தருமபுரி:

எங்கள் வீட்டு முன்னால் ஒன்பது ரோஜாச் செடி இருக்கிறது. முன்பு பதினொன்று இருந்தது. அந்த இரண்டு செடி போன கதையை எழுதினால் யாராவது ஒருவருடைய செடியாவது தப்பிக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், மார்கழியில், ஓசூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் செடிகளை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருந்தார். பொங்கல் கழித்துப் போனால் செடிக்கு ஏழெட்டு மொட்டு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் எனக்கு லீவு கிடைத்தது சித்திரையில். கத்தரியை எடுத்து அதே உயரத்துக்கு எல்லாவற்றையும் வெட்டினேன்.

ஒரு வாரத்தில் தண்டுகளின் மேற்குப் பக்கம் மட்டும் பழுப்பாக வெந்து போனது. இலை இல்லாத தண்டு, மதியத்துக்கு மேல் அடிக்கும் வெயில், பக்கத்தில் சிமெண்ட் சுவர். அப்புறம் வெட்டிய நுனியிலிருந்து கருப்பு கீழே இறங்க ஆரம்பித்தது. தண்ணீர் குறைவு என்று நினைத்து இரண்டு வேளையும் ஊற்றினேன். ஆனி பிறப்பதற்குள் இரண்டு செடி பட்டுப் போயின. அதில் ஒன்று அம்மா வைத்தது.

அந்த வருடம் கார்த்திகையில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனோம். பந்தலுக்குப் பின்னால் பட்டன் ரோஸ் தோட்டம். ஒரு அம்மா குனிந்து கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார், அதாவது கிளைகளை வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன், செடி கருகியதைச் சொன்னேன்.

“வெட்டுன தண்டுக்குள்ள என்ன கலர் இருந்துச்சுன்னு பாத்தியாம்மா?” என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை.

கருகிய ஒரு கிளையைப் பிடித்து வெட்டி என்னிடம் காட்டினார். நடுவில் காப்பித்தூள் நிறம். இரண்டு விரல் கீழே இறங்கி வெட்டினார், இன்னும் பழுப்புதான். மூன்றாவது வெட்டில் நடுத்தண்டு வெள்ளைவெளேர் என்று இருந்தது, ஓரத்தில் பச்சை வளையம். “இங்கதான் உசுரு இருக்குது. இதுக்கு மேல விட்டா அது கீழ இறங்கிக்கிட்டேதான் இருக்கும்” என்றார்.

அப்புறம் கண் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கண் என்றால் கணுவில் புதுக்கிளை கிளம்பும் இடம். செடிக்கு வெளியே பார்த்திருக்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் கண்ணின் மேல் வழியாமல் எதிர்ப்பக்கம் வழிகிற மாதிரி சாய்த்து வெட்டு. உள்ளே பார்த்த கண்ணுக்கு மேலே வெட்டினால் புதுக்கிளை நடுவில் போய்ப் பின்னிக்கொள்ளும், காற்று போகாது, மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி. ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்முன் கத்தரியை டெட்டால் துணியால் துடைத்தார். வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடியைக் கூழ் மாதிரிக் குழைத்துத் தடவினார்.

இப்போது என் கணக்கு இதுதான். கார்த்திகை பிறந்ததும் மழை இரண்டு மூன்று நாள் விடுகிற சமயமாகப் பார்த்துப் பெரிய கவாத்து. வெட்டி நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூ வரும். கார்த்திகை பத்துத் தேதிக்குள் வெட்டிவிட்டால் பொங்கலுக்கு வாசலில் நம் வீட்டுப் பூதான். ஆடியில் கால்வாசி மட்டும் குறைப்பேன். பங்குனி, சித்திரையில் வாடிய பூவை, அதற்குக் கீழே முதல் ஐந்து இலைக் கொத்து வரை கிள்ளுவதோடு சரி.

ஓசூர்:

நான் ரோஜாப் பசுமைக்குடிலில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். தருமபுரி அக்கா சொல்வது அத்தனையும் உண்மை. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் கிட்டத்தட்டப் பாதி. சூளகிரி தாண்டினாலே காற்று மாறுவது பஸ்ஸில் வரும்போதே தெரியும். இங்கே தாங்குகிற வெட்டு அங்கே தாங்காது.

பிப்ரவரி 14-க்குப் பூ வெளியூர் போக வேண்டும் என்றால் நாங்கள் டிசம்பர் நடுவிலேயே வெட்டி முடிப்போம். அந்த வருடம் குளிர் அதிகமா குறைவா என்று பார்த்து இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே தள்ளுவோம். இன்னொன்றும் செய்வோம். மெலிந்த தண்டை வெட்டி எறிய மாட்டோம், முறிந்துவிடாமல் பக்கவாட்டில் வளைத்து விடுவோம். அதில் இருக்கும் இலை செடிக்குச் சோறு சமைக்கும், அடியிலிருந்து விரல் தடிமனில் புதுப்போத்து, அதாவது புதுத்தண்டு, கிளம்பும். வீட்டிலும் செய்து பாருங்கள் அக்கா. மொத்தமாக மொட்டையடிக்க மனது வராதவர்களுக்கு இது நல்ல வழி.

காவேரிப்பட்டணம்:

என் செடி வெயிலில் போகவில்லை, வேறு மாதிரிப் போனது. நர்சரியில் வாங்கிய அடர்சிவப்பு ரோஜா. முதல் வருடம் கைநிறையப் பூ. அடுத்த மழைக்கு மண்ணை ஒட்டி ஒரு போத்து சரசரவென்று ஆளுயரம் வந்தது. சந்தோஷமாக மற்ற கிளைகளை வெட்டி அதற்கு இடம் விட்டேன். அதில் பூ வரவே இல்லை, சிவப்புக் கிளையும் காய்ந்துவிட்டது. மாமாதான் உட்கார்ந்து மண்ணை விலக்கிக் காட்டினார். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து, அதாவது வேருக்காக அடியில் வைத்து ஒட்டிய வேறு செடியிலிருந்து வந்த போத்து அது. நான் வெட்டியது ரோஜாவை, வளர்த்தது வேர்ச்செடியை.

அந்தப் போத்தைக் கத்தரியால் வெட்டினால் மறுபடி இரண்டாக வரும். கிளம்பிய இடம் வரை மண்ணைத் தோண்டி, அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும்.

தருமபுரி:

காவேரிப்பட்டணம் அக்கா, இது எனக்குத் தெரியாது. அம்மா வைத்த பன்னீர் ரோஜா குச்சி நட்டு வந்தது. அதில் ஒட்டே கிடையாது, அடியில் வரும் போத்தும் பன்னீர் ரோஜாதான், அதனால் எல்லாவற்றையும் விட்டுப் பழகிவிட்டேன். நர்சரியில் வாங்கிய வெள்ளைச் செடியில் போன மாதம் ஒரு போத்து வந்திருக்கிறது, இலை மட்டும் கொஞ்சம் வெளிர்பச்சை. காலையில் முதல் வேலையாக மண்ணை விலக்கிப் பார்க்கிறேன்.