உப்பேறும் ஊரைக் கண்ணால் மட்டும் எழுதலாமா?

கேள்வி:
வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நிலத்தடி நீர் மெல்ல உப்பாகிவரும் 2050ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதி வருகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த இரவு, கதைமாந்தரின் நினைவாக அதில் வருகிறது. சாயும் தென்னைகள், பறக்கும் கூரைகள், சேறு மூடிய உப்பளங்கள் என எல்லாவற்றையும் விரிவாக எழுதியும், தொலைக்காட்சிச் செய்தி பார்த்தது போல் இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். மற்ற நான்கு புலன்களை எப்படிக் கொண்டுவருவது? ஒவ்வொரு காட்சியிலும் ஐந்தும் வர வேண்டுமா?

மறுமொழி 1:
வர வேண்டியதில்லை, ஐந்தையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும். எந்த மாற்றத்தை எந்தப் புலன் முதலில் அறிகிறது என்று கேட்டுப் பாருங்கள். கஜா நள்ளிரவைத் தாண்டிக் கரையேறிய புயல். விளக்கில்லாத வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தென்னை சாய்வது தெரிந்திருக்காது. முறியும் ஓசைதான் கேட்டிருக்கும். அதைக் கண்ணால் எழுதியதே பிழை என்பேன்.

உப்பும் அப்படித்தான். வயலில் வெள்ளையாகப் பூத்த பிறகே கண் அதைக் காண்கிறது. அதற்கு வெகுமுன்பே சோப்பு நுரைக்காமல் போகும், தலைமுடி பிசுபிசுக்கும், துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் குழையாமல் நிற்கும், குடிநீர் கரிக்கத் தொடங்கும். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கும்போது தொடுதலையே முதலில் வைக்கிறது. சுவைக்கும் மணத்துக்கும் பிறகு, நான்காவதாகத்தான் கண் வருகிறது. உங்கள் கதைக்கு அந்த வரிசை மிகவும் பொருந்தும்.

மறுமொழி 2:
யாருடைய புலன் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒரே மணத்துக்குள் இருக்கும் மூக்கு சிறிது நேரத்திலேயே அதை மறந்துவிடும் என்பதால், அழுகும் சேற்றின் வீச்சம் ஊரிலேயே இருக்கும் பாட்டிக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் பேரனுக்குத்தான் முகத்தில் அறையும். பாட்டி உணர்வது இல்லாமையை: முதல் மழைக்குப் பிறகும் தவளை கத்தாத இரவை, தென்னையோலைச் சலசலப்பு இல்லாத முற்றத்தை.

மறுமொழி 3:
வெயிலை எழுதும்போது ஒரு வேண்டுகோள். உள்நாட்டு வெக்கை வேறு, கடலோரப் புழுக்கம் வேறு. வறண்ட காற்றில் வியர்வை ஆவியாகி உடல் சற்றே குளிரும். ஈரக்காற்றில் அது உலராமல் முதுகில் வழிந்துகொண்டே இருக்கும். 'கடும் வெப்பம்' என்று எழுதிக் கடந்துவிடாமல், விசிறியும் உதவாத ஓர் இரவில், ஈரமான பாயில் புரண்டு படுக்கும் உடலை எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. புயலின் காட்சி வருணனைகளை நீக்கிவிட்டு, பருப்பு வேகாத அடுப்படியிலிருந்து கதையைத் தொடங்குகிறேன். கரிக்கும் தண்ணீரைப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் குடிக்க, பேரன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைப்பான்.