காலைல ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆகுது, ரிட்டர்ன் லைன்ல ஏர் இழுக்குதா?

புகைவண்டி:
பழைய டீசல் இன்ஜின், ரோட்டரி பம்ப் (சுழன்று இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பற பழைய டைப் பம்ப்). ராத்திரி நிறுத்திட்டு காலைல சாவி போட்டா உடனே பிடிக்குது, கொஞ்ச நேரத்துல செத்துடுது, அப்புறம் ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் திரும்ப வருது. சூடானப்புறம் ஒரு குறையும் இல்ல. ஃபில்டர் புதுசு, குளோ பிளக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக சூடு பண்ற பிளக்) ஓகே. தரையில சொட்டு டீசல் இல்ல. இன்ஜெக்டர் (டீசலை இன்ஜினுக்குள்ள தெளிக்கிறது) மேல போற துணி சுத்தின சின்ன ஹோஸ் மட்டும் ஈரமா இருக்கு. ஆனா அது டேங்குக்கு திரும்பி போற டீசல்தானே, அதுல ஏர் போனா பம்புக்கு என்ன?

ஸ்பேனர்14:
ப்ரோ, ஓடும்போது ரிட்டர்ன்ல லேசா பிரஷர் இருக்கும், அதனால வெடிப்பு வழியா டீசல்தான் வெளிய கசியும். ஆஃப் பண்ணதும் கதை மாறுது, டேங்க் கீழ இருக்கு, லைன்ல நிக்கிற டீசல் டேங்குக்கு இறங்கப் பாக்கும், அதே வெடிப்பு காத்தை உள்ள விட்டுடும். காலைல பம்ப்ல மிச்சம் இருக்கிறதுல ஸ்டார்ட் ஆகும், அது தீர்ந்ததும் ஆஃப்.

பழையஇன்ஜின்:
அவர் சொல்றது சரி, ஆனா சப்ளை சைடுல, அதாவது டேங்க்லேர்ந்து பம்புக்கு வர்ற வழியில, லீக் இருந்தாலும் இதே மாதிரிதான் பண்ணும். ஃபில்டர் ஓ-ரிங், தண்ணி வடிக்கிற பிளக், கை பிரைமர் (கையால அமுக்கி டீசல் ஏத்தற சின்ன பம்ப்) எல்லாமே சந்தேகம்தான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி தெரியற ஹோஸ் போட்டு ஓட விடுங்க, குமிழி விடாம வந்தா சப்ளை சைடு. வரலைன்னா ராத்திரி இன்ஜெக்டர் ஹோஸ் பம்ப் ரிட்டர்னோட சேர்ற இடத்துல கிளாம்ப் போட்டு அடைச்சு வைங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கழட்டணும், மறந்துடாதீங்க.

புகைவண்டி:
குமிழி இல்லண்ணா. கிளாம்ப் போட்டு வச்சேன், காலைல கழட்டிட்டு அடிச்சா நிக்காம ஓடுது!! ஹோஸ் என்ன சைஸ், கிளிப் போடணுமா?

பழையஇன்ஜின்:
நிறைய இன்ஜின்ல உள் விட்டம் 3.2 மிமீ, உங்க நிப்பிளை (இன்ஜெக்டர்ல ஹோஸ் மாட்டற சின்ன குழாய் முனை) அளந்து பாத்துட்டே வாங்குங்க. கிளிப் வேண்டாம், டைட்டா ஏறினாலே போதும். பழசை இழுக்காதீங்க தம்பி, நிப்பிள் உடைஞ்சா செலவு பெருசு, நிப்பிள்ல கீறல் விழாம பிளேடால நீளவாக்குல அறுத்து எடுங்க. எல்லா துண்டையும் ஒண்ணா மாத்துங்க, கடைசி இன்ஜெக்டர்ல இருக்கிற மூடியையும் சேர்த்து, அதை யாரும் கவனிக்கிறதே இல்ல.

ஸ்பேனர்14:
பயோடீசல் ஊத்தறவங்க விட்டான் (எரிபொருளைத் தாங்கற ரப்பர்) ஹோஸா கேட்டு வாங்குங்க, சாதா ரப்பர் ஊறி இளகிடும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல உயர் பிரஷர்ல டீசல் தர்ற சிஸ்டம்) வச்சிருக்கவங்க ஏர் எடுக்கறேன்னு ஓடுற இன்ஜின்ல பைப் நட்டை லூஸ் பண்ணவே கூடாது, 1000 பாருக்கு மேல பிரஷர், பீச்சற டீசல் தோலைத் துளைச்சுட்டு உள்ள போயிடும்.